வெட்டுபவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர்

நண்பரே,

இன்று காலை பழைய இரும்பு எடுப்பவர் என் வாசலில் சைக்கிளை நிறுத்தியிருந்தார். வீட்டு வேலைக்கு வரும் பெண், பரணில் கிடந்த ஓட்டை வாளியையும் கைப்பிடி போன அரிவாளையும் கொண்டுபோய் வைத்தபோது, நம்முடைய கம்பிச் சட்டத்தையும் சேர்த்து வைத்துவிட்டாள். அவர் அதைத் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கிய பிறகுதான் நான் கவனித்தேன்.

"அது வேண்டாம். இங்கே தாரும்" என்றேன்.

"இது எதுக்கு ஆகும் சாரே? ஜன்னலுக்கும் கொள்ளாது, கதவுக்கும் கொள்ளாது" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான விடையை வாசலில் நின்றபடி சொல்லிவிட முடியாது என்பதால் சட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். கழுவுவதற்கு முன் அதை மூக்கருகே கொண்டுபோனேன். துருவின் வாடைக்கு அடியில் கருகிய கொழுப்பின் மணம் இன்னும் இருந்தது. அல்லது இருப்பதாக எனக்குத் தோன்றியது. இரண்டில் எது என்று சத்தியம் செய்து சொல்ல மாட்டேன்.

உமக்கு நினைவிருக்கும். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் கைதிகளை இருத்தும் அறையின் ஜன்னலை மாற்றியபோது பழைய கம்பிகளை ஏலம் விட்டார்கள். யாரும் சீண்டாத அந்தக் கம்பிகளை நீர் எடுத்தீர். தனுவச்சபுரத்துக் கொல்லரிடம் கொடுத்து, நான்கு கால்கள் வைத்து, ஒரு முழ அகலத்தில் சட்டமாக அடித்து வாங்கினீர். நம் இருவருக்கும் வக்கீல் அங்கி அப்போது புதிது. உம்முடையது அதற்குள் தோளில் கிழிந்திருந்தது. அந்த அங்கியோடேயே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பாறசாலையில் என் வீட்டுக்கு வந்து, "இதுக்குப் பின்னால எத்தனை கட்சிக்காரன் நின்னு அழுதிருப்பான் வேய்! இனி மாடு கெடக்கட்டும்" என்றீர்.

உமக்கு இந்த இறைச்சி சுடும் பைத்தியம் பிடித்தது கிழக்கே, ஒற்றசேகரமங்கலத்துக்கும் அப்பால் மலையடிவாரத்தில் இருந்த ஒரு தோட்டத்தில். தோட்டக்காரர் வெள்ளைக்காரர். அவருடைய வேலித் தகராறு ஒன்றில் இடம் பார்க்கப் போன உம்மை மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திக்கொண்டார். கனமான ஒரு மாட்டிறைச்சித் துண்டைத் தணலில் சுட்டு, உப்பும் நல்லமிளகும் தவிர வேறொன்றும் சேர்க்காமல் தட்டில் வைத்தாராம். நம் வீடுகளில் இறைச்சி என்றால் தேங்காய்க் கொத்துப் போட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்தரைத்து, கறுக்கும்வரை வற்றவைப்பது. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்தீர்.

"நாம இதுவரைக்கும் இறைச்சி தின்னதே இல்ல, கேட்டீரா? மசாலாவைத்தான் தின்னிருக்கோம். இறைச்சி சும்மா சாட்சிக்கு வந்து நிக்குது, அவ்வளவுதான்."

என் மனைவி அடுக்களையிலிருந்தே பதில் சொன்னாள்: "வேட்டைக்குப் போனவங்க சுட்டுத் தின்னுறதுக்கு வக்கீலுக்குப் படிச்சிட்டு வரணுமாக்கும்?"

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதே ஜெயித்தது. வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, கொல்லைப்புறத்துப் பலாமரத்தடியில் தேங்காய் உரித்த நார்த்தொண்டைப் போட்டுத் தீ மூட்டினோம். தொண்டு புகைந்தது, பிறகு தாறுமாறாக எரிந்தது. துண்டு மேலே கரியாகவும் உள்ளே பச்சையாகவும் ஆயிற்று. பக்கத்து வீட்டு நாய்கூட அதை முகர்ந்து பார்த்துவிட்டு யோசித்தது. நீர் மட்டும் விடாமல் மென்றுகொண்டே, "கொள்ளாம், கொள்ளாம்" என்று மெச்சினீர்.

பிறகு நாம் கற்றுக்கொண்டோம். ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டு சாட்சியிடம் உண்மையை வாங்குவது போலத்தான் அந்தத் துண்டிடமும் வாங்கினோம். தொண்டு ஆகாது, தேங்காய்ச் சிரட்டைக் கரியே வேண்டும். சுவாலை அடங்கித் தணலின்மேல் வெள்ளைச் சாம்பல் பூக்கும்வரை காத்திருக்க வேண்டும். தணலை ஒரு பக்கம் குவித்து மறுபக்கம் பரத்தி வைத்தால், கொழுப்பு சொட்டித் தீ பிடிக்கும்போது துண்டைச் சூடு குறைந்த பக்கம் தள்ளிக்கொள்ளலாம். முதுகெலும்பை ஒட்டிய பாகத்தில், ஓரத்தில் கொழுப்பு இருக்கும்படி, மூன்று விரற்கடைக் கனத்துக்குக் குறையாமல் வெட்டித் தரும்படி இறைச்சிக்காரரிடம் கேட்க வேண்டும். "கறிக்குத் துண்டு போடாம முழுசா கொண்டுபோய் என்ன செய்யப் போறீங்க, பூசை போடுறதுக்கா?" என்று அவர் வாரம் தவறாமல் கேட்பார், நீரும் வாரம் தவறாமல், "கேஸ் விஷயம், வெளியில சொல்லப்படாது" என்பீர்.

உப்பை எப்போது போடுவது என்பதில் மட்டும் நமக்குள் தீர்ப்பு ஆகவேயில்லை. காலையிலேயே உப்புத் தடவி, மேலே ஈரம் காயும்படி காற்றில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. சுடும்போது போட்டால் போதும் என்பது உம் கட்சி. இப்போது நான் சொல்லலாம்: என் கட்சியே சரி. மறுப்பதற்கு நீர் இல்லாத இடத்தில் இதைச் சொல்வதில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை.

நல்லமிளகு தீயில் கருகிக் கசக்கும் என்பதால் அதை இறக்கிய பின்னரே தூவுவோம். இறக்கியவுடன் வெட்டவும் கூடாது. வெட்டினால் சாறு முழுவதும் தட்டில் ஓடிவிடும். தேக்கிலை ஒன்றைக் கவிழ்த்து மூடி, அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெந்து, காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் அம்மியில் நசுங்கி வரும்வரை அதைத் தொடாமல் இருக்க வேண்டும். அந்தச் சிறிது நேரம் பொறுப்பதுதான் உமக்குக் கடினம். இலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பீர். "அது உறங்கட்டும்" என்று நான் சொல்வேன். "உறங்கினதுக்கு முழிப்பு வந்தாச்சு வேய்" என்பீர்.

ஒரே துண்டு, இரண்டு பேர். அதனால்தான் அந்த விதியை வைத்தோம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்குகளில் நாம் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த வழி அது: ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். அவர் எடுத்த பிறகே வெட்டியவர் மிச்சத்தைத் தொடலாம். தனக்குக் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் வெட்டுபவர் சமமாக வெட்டுவார் என்பதே அந்த விதியின் நோக்கம். எந்த வாரம் யார் தீயைப் பார்க்கிறாரோ அவரே வெட்டுபவர். இறைச்சி வாங்கி வருபவர் எடுப்பவர்.

என் முறை வரும்போது நான் கண்ணால் அளந்து, நாருக்குக் குறுக்கே, கொழுப்பும் சதையும் இரு பக்கமும் ஒத்து வரும்படி வெட்டுவேன். "சர்வேக்காரன் தோத்துப் போவான்" என்பீர். உம் முறை வந்தால் கதையே வேறு. நீர் ஒருநாளும் சமமாக வெட்டியதில்லை. கொழுப்போரம் முழுவதும் ஒரு துண்டில் இருக்கும். அதுவே பெரியதாகவும் இருக்கும். ஆரம்பத்தில் நான் மரியாதை கருதிச் சிறியதை எடுக்கப் போனேன். நீர் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்.

"உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கிறவன் என்ன வக்கீலாக்கும்? எடும் வேய், நல்லதை எடும்."

விதியை மீறாமலே ஒருவருக்கு விட்டுக்கொடுக்க வழி உண்டு என்பதை நான் அன்று கண்டேன். எனக்கு அது கைவரவில்லை. என் கை சமமாக வெட்டவே பழகியிருந்தது.

பிறகு மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த அந்த வருஷங்கள் வந்தன. நம் தாலூக்கா எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று கொல்லயிலிலிருந்து களியக்காவிளை வரை டீக்கடைகளில் பெஞ்சுகள் இரண்டாகப் பிரிந்தன. தமிழ் பேசும் தெற்குப் பகுதிகளெல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நீர் மேடை மேடையாகப் பேசினீர். நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. வீட்டில் தமிழும் கோர்ட்டில் மலையாளமுமாக வாழ்கிற ஓர் ஊரை எந்த அளவுகோலால் அளப்பது என்று எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. விளங்காத விஷயத்தில் கருத்துச் சொல்வதில்லை என்பது என் பழக்கம். உமக்கு அதில் வருத்தம் இருந்தது. ஆனால் அதைத் தீயருகே உட்கார்ந்து கேலியாக மட்டுமே சொன்னீர்: "தணலுக்கு இவ்வளவு பக்கத்துல இருந்தும் கை சுடாத ஒரே ஆளு நீராக்கும்."

கூட்டம் கூடத் தடை போட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர் வருவீரா என்று என் மனைவி கவலைப்பட்டாள். இரண்டு போலீஸ்காரர்கள் உம்மைப் பார்த்தபடியே ஜங்ஷன்வரை தொடர்ந்து வந்தார்களாம். நீர் பொதியோடு உள்ளே வந்து அவளிடம் சொன்னீர்: "பயப்படாண்டாம். அஞ்சு பேரு சேர்ந்தாத்தான் சட்டவிரோதக் கூட்டம். நானும் இவரும் ரெண்டு, மாட்டையும் கூட்டினா மூணு, நீங்க வந்து இரிஞ்சா நாலு. இன்னும் ஒரு ஆளு வந்தாத்தான் கேஸு." அவள் சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றைய துண்டுதான் நாம் சுட்டவற்றில் மிகச் சிறந்தது என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லைக்கோடு எங்கே விழும் என்பது தெரிந்தபோது, அது நம் இருவருக்கும் நடுவே விழவில்லை. உம் வீடும் என் வீடும் கோட்டுக்கு வடக்கே, தமிழ்நாட்டுக்கு வெளியே, ஒரே பக்கத்தில்தான் இருந்தன. நீர்தான் அதைத் தாண்டிப் போகத் தீர்மானித்தீர். குழித்துறைக் கோர்ட்டுக்கு மாறி, களியக்காவிளைக்குத் தெற்கே வீடு பார்த்திருப்பதாக, அன்று தேக்கிலையைத் தூக்கிப் பார்த்தபடியே சொன்னீர். 

"போகத்தான் வேணுமா?" என்று ஒருமுறை மட்டும் கேட்டேன்.

"மேடையில நின்னு பேசினேன் வேய். அங்க சேரணும்னு பேசினவன் இங்க சுகமா இருந்தா, என்னை நம்பி அடி வாங்கினவன் என்ன நினைப்பான்?" என்றீர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பெரிய தூரம்? ஒரு பீடி குடிச்சுத் தீருறதுக்குள்ள எத்திருவேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதான். அதுல கோடு போட எவனுக்கும் அதிகாரம் இல்ல" என்றீர்.

தட்டை உம் பக்கம் நகர்த்தினேன். அன்று வெட்டியவன் நான். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு நீர் சொன்னது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது: "இந்தக் கோட்டை வெட்டினவனுக்கும் நம்ம விதியைச் சொல்லிக் கொடுத்திருக்கணும்."

நீர் போன பிறகு கோர்ட்டு வராந்தாவில் எனக்குப் பேச்சுத் துணை இல்லாமல் போயிற்று. எல்லாரும் மரியாதையாகவே இருந்தார்கள், வழக்குகளுக்கும் குறைவில்லை. ஆனால் எதிர்க்கட்சி வக்கீலின் வாதத்தில் ஓர் அழகான ஓட்டையைக் கண்டுபிடித்தால், அதை யாரிடம் போய்ச் சொல்வது? திங்கள் முதல் சனிவரை சொல்ல வேண்டியவற்றைச் சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை உம்மிடம் சொன்னேன். அந்த ஒரு சாயங்காலத்தின் மேல்தான் என் வாரம் முழுவதும் நின்றது. இதை உம்மிடம் சொன்னதில்லை. உமக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

ஆகவேதான் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை என்னால் மறக்க முடியவில்லை. கோடு வந்த புதிது. என் வீட்டில் தீ, உம் கையில் இறைச்சி. சிரட்டை எரிந்து, தணலாகி, சாம்பல் பூத்து, சாம்பல் மட்டுமே மிஞ்சிற்று. நீர் வரவில்லை. கிழங்கு ஆறிப்போயிற்று. என் மனைவி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். நம் ஞாயிறுகள் இப்படித்தான் நின்றுபோகும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்: சண்டை ஒன்றும் நடக்காது, யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், ஒரு வாரம் வர முடியாமல் போகும், அடுத்த வாரம் அது எளிதாகும். வருத்தப்படக் கூடாது என்றும் தீர்மானித்துக்கொண்டு, தீயை அணைக்கத் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது வேலிப் படலுக்கு அப்பாலிருந்து உம்முடைய குரல் கேட்டது. "தீயில தண்ணி ஒழிச்சிராதேயும் வேய், வாறேன்!"

வியர்வையில் நனைந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தீர். செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். தெற்கேயிருந்து அரிசி கடத்துகிறார்கள் என்று தேடல். ஈரத்துணி சுற்றிய உம்முடைய கனத்த பொதியைப் பார்த்து, "எந்தா இதில்?" என்று கேட்டிருக்கிறார் காவலர். இறைச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். நீர் சொல்லவில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி ஒரு பிரஜையின் பொதியைப் பிரிக்கலாம் என்று கேட்டீர். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டார்; மேலதிகாரியிடமும் கேட்டீர். பஸ் போய்விட்டது. கடைசியில் அவர்களே துணியைப் பிரித்துப் பார்த்தார்களாம்.

"இது இறைச்சியாணல்லோ சாரே!"

"பின்ன நான் இவ்வளவு நேரம் பறஞ்சது என்னவாக்கும்?"

"சார் இறைச்சின்னு ஒரு வாக்கு பறஞ்சில்லல்லோ. சட்டம் மாத்ரமாணல்லோ பறஞ்சது."

இதை நீர் நடித்துக் காட்டியபோது என் மனைவி சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். நான் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு கைப்பிடி தணல் உயிரோடு இருந்தது. அதன்மேல் புதுச் சிரட்டையை அடுக்கி ஊதினேன். கண்ணில் புகை ஏறியதாகச் சொன்னேன். நீரும் அப்படியே ஏற்றுக்கொண்டீர்.

அதன்பின் வெகுகாலம், மழையிலும் பஸ் வேலைநிறுத்தத்திலும், அந்த ஞாயிறுகள் நடந்தன. பின்னாளில் உம் முழங்கால் பஸ் படியேற மறுத்தபோது மாதம் ஒன்றாயிற்று. என் மனைவி காலமான வருஷம் முதல் எப்போதாவது என்றாயிற்று. நம்மைக் கோடு பிரித்தது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். அது உண்மையன்று என்பதை இங்கே திட்டமாகச் சொல்லிவைக்கிறேன். நம்மைப் பிரிக்கப் பார்த்தது முதுமை மட்டுமே. கோட்டை நீர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே தாண்டிவிட்டீர்.

கடைசியாக நான் உம் வீட்டுக்கு வந்தபோது கம்பிச் சட்டத்தைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தேன். நீர் கட்டிலோடு கிடந்தீர். உம் மகன் என்னைத் தனியே அழைத்து, "அப்பாவுக்குக் கஞ்சிதான் இறங்குது மாமா, பல்லும் இல்ல" என்றான். உள்ளேயிருந்து நீர் சத்தம் போட்டீர்: "எலே மக்கா, சாட்சியைக் கலைக்காதே! அவரு தீ போடட்டும்."

உம் ஜன்னலுக்கு நேரே, மணம் உள்ளே வரும்படி காற்றுப் பார்த்துத் தீ மூட்டினேன். இறக்கி, மூடி, உம் கட்டிலருகே கொண்டுவந்து வெட்டினேன். அன்றுதான் என் கை முதன்முறையாகச் சமம் தவறியது. கொழுப்போரம் முழுவதும் ஒரு துண்டில் வரும்படி, நன்றாகத் தெரிந்தே வெட்டினேன்.

நீர் தட்டைப் பார்த்தீர்.

"என்ன வேய், கை நடுங்குதா?"

"இல்லை."

"பின்ன?"

"நல்லதை எடும்" என்றேன்.

எடுத்தீர். மெல்ல முடியவில்லை. ஓரத்துக் கொழுப்பை உதட்டில் வைத்துச் சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "உப்பு காலையிலேயே போட்டீரா?" என்று கேட்டீர். ஆம் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை; உம்முடைய மௌனத்தை அப்படிப் பயன்படுத்த எனக்கு உரிமை கிடையாது.

உம் அடக்கத்துக்கு வந்த நாளில் செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. காவலர் ஏறி எல்லார் கையையும் பார்த்தார். என் கையில் பொதி எதுவும் இல்லை. என்னிடம் ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போனார்.

இன்று சாயங்காலம் பலாமரத்தடியில் தீ போட்டேன். சட்டத்தின் துருவைச் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தேன். அந்தக் கம்பிகள் இன்னும் உறுதியாகவே இருக்கின்றன. இறைச்சிக்காரரின் மகன், கனமாக வெட்டித் தரச் சொன்னதும் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். ஆனால் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கேஸ் விஷயம் என்று சொல்லியிருப்பேன். காலையிலேயே உப்புப் போட்டிருந்தேன். தணல் சரியாக அமைந்தது. தேக்கிலை மூடி, அதைத் தூக்கிப் பார்க்க ஆள் இல்லாததால், இருக்க வேண்டிய நேரம் முழுவதும் தொந்தரவின்றி உறங்கிற்று.

பிறகு வெட்டினேன். உம் கை வெட்டியது போலவே வெட்டினேன். இப்போது எனக்கு அது வருகிறது. கொழுப்போரத்தோடு பெரியது உம் பக்கம் இருக்கிறது. சிறியது என் பக்கம். காந்தாரியும் கிழங்கும் தயார். தட்டுக்கு இப்பால் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டும் ஆறிக்கொண்டிருக்கின்றன, எனக்குப் பசியும் இருக்கிறது.

ஆனால் வெட்டியவன் நான். முதலில் எடுக்க வேண்டியவர் நீர்.